படுத்த எட்டு

கறை நகர்ந்தது.

மணிமொழி துடைப்பதை நிறுத்திவிட்டு மேசையைக் குனிந்து பார்த்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே அந்தப் பச்சை ரப்பர் விரிப்பின் மேல் டீ கிளாஸ் வைத்த மாதிரி ஒரு வட்டம் இருந்தது. காலையில் பார்த்தாள், அப்புறம் துடைக்கலாம் என்று விட்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் பார்த்தாள், வேலை மேசையில் டீ வைக்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால், அது ஒரு விரற்கடை தள்ளிப்போய் மறுபடி வட்டமாகவே உட்காருகிறது. உலகத்தில் எந்த டீக்கறையும் இப்படி இடம் மாறி உட்காராது.

நகத்தால் நெம்பினாள். கையோடு வந்தது ஒரு பித்தளை வளையம். கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம்தான் இருக்கும். கிரீஸ் பட்டு விரிப்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. லென்ஸின் பின்பக்கத்தில், கேமராவில் மாட்டுகிற வாய்க்கு அடியில் இருக்கவேண்டிய தகடு அது. லென்ஸைச் செய்த கம்பெனியே அளந்து பார்த்து வைத்தது. அது இல்லாவிட்டாலும் லென்ஸ் கேமராவில் மாட்டும், சுற்றும், கண்ணாடி பளபளக்கும், ஒரு குறையும் சொல்ல முடியாது. படம் மட்டும் தெளியாது.

நேற்று அந்த மேசையிலிருந்து வெளியே போன லென்ஸ் ஒன்றே ஒன்று. அது வளவனுடையது.

வளவன் அவளுடைய தம்பி. ஆறு வருஷமாகப் பேசாத தம்பி. இன்று பொழுது சாயும் நேரத்தில், வல்லத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில், அதே லென்ஸை மாட்டிக்கொண்டு தேரோட்டத்தைப் படம் எடுக்கப் போகிறவன்.

"போச்சு" என்றாள் மணிமொழி, யாரும் இல்லாத அறையில் வாய்விட்டு.

செஞ்சி காந்தி பஜாரில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது அவளுடைய அறை. கீழே இருமல் மருந்து, மேலே பூஞ்சை பிடித்த லென்ஸ் என்று பஜாரில் கிண்டல் செய்வார்கள். கையால் சுற்றி ஃபோகஸ் செய்கிற பழங்காலத்து லென்ஸ்களை இப்போது ஆசைப்பட்டு வாங்குகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. நெட்டில் படத்தைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளே பூஞ்சையும், துவாரத்தைத் திறந்து மூடும் இதழ்களில் எண்ணெயும், சுற்றினால் மணல் அரைக்கிற சத்தமும் தெரியும். அப்புறம் கூரியரில் செஞ்சிக்கு வந்துவிடும். அதிலும் அகலக்கோண லென்ஸ் என்றால் மற்ற மெக்கானிக்குகள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். வைடு என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சாதியில், கல்யாண மேடையும் மேடைக்குக் கீழே முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் சம்பந்தியும் ஒரே படத்தில் விழுவார்கள். அத்தனையும் விழுவதால் அத்தனையும் தெளிவாக இருப்பதுபோலவே கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் நிற்கிறவர் மூஞ்சியை மட்டும் இழுத்து நீட்டிவிடும். கண்ணை ஏமாற்றுவதில் வைடை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்காகத்தான் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்திய காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மலை பார்ப்பது என்று அதற்குப் பெயர். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் பனி படிந்தது போன்ற மங்கல் டேப்பை ஒட்டி, மொட்டைமாடியில் வைத்து மேற்கே திருப்புவார்கள். வைடாக இருந்தால் இடப்பக்க ராஜகிரியும் வலப்பக்கக் கிருஷ்ணகிரியும் டேப்பின் இரண்டு ஓரத்திலும் தலைகீழாக விழும். லென்ஸின் வளையத்தை எட்டாத தூரத்துக்கான குறியில் நிறுத்துவார்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்ததுபோல் இருக்கும் அந்தக் குறியை இருவரும் படுத்த எட்டு என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு மலையிலும் பாறை பாறையாகப் பிரிந்து தெரியவேண்டும். தெரிந்தால் லென்ஸ் சரி. தெரியாவிட்டால் மறுபடி திருப்புளியை எடு.

வளவனின் லென்ஸுக்கும் அவள் மலை பார்த்தாள். பார்க்காமல் விடுவாளா? பாறைக்கும் பாறைக்கும் இடையில் முளைத்த செடிகூடத் தெரிந்தது.

கெடுத்தது அதற்குப் பிறகு வந்த தூசி.

நேற்று அவன் வருகிற நேரம் பார்த்து, கடைசியாக ஒருமுறை லென்ஸுக்குள் டார்ச் அடித்தாள். பின் கண்ணாடிக்குள் ஒரே ஒரு தூசி. அப்படி ஒரு தூசியால் எந்தப் படமும் கெட்டதில்லை. இதை அவளே எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குப் போனில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். வேறு யாருடைய லென்ஸாக இருந்தாலும் மூடிக் கொடுத்திருப்பாள். ஆனால் இது வளவனுடையது. அவன் விரல் நீட்டிக் குறை சொல்ல ஒரு பொட்டு இடம்கூட வைக்கக் கூடாது என்று அவளுக்கு வெறி. பின்வாயைக் கழற்றினாள், ஊதினாள், தூசி போனது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகத் திருகாணிகளைப் போட்டு மூடினாள். மறுபடி மலை பார்க்கவில்லை. தகடு விரிப்பில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு டீக்கறையாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தது.

வளவன் லென்ஸை வாங்கி, கண்ணில் வைத்துப் பார்த்து, வளையத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்லாருக்குது" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு மணிமொழி நேற்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். கணவர் இனியன்கூட, "இன்னா, மூஞ்சில பல்பு எரியுது?" என்று கேட்டார்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

அறைக்குள் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தகட்டைக் கீழே வைத்தாள், எடுத்தாள். தம்பியின் நம்பர் அவளிடம் இல்லை. கோபத்தில் என்றைக்கோ அழித்துவிட்டாள். அவனுடைய மனைவி கலைவாணியின் நம்பர் இருந்தது. ஆண்களும் அக்காக்களும் சண்டை போடட்டும், நாத்தனாரும் நானும் எதற்குப் போடவேண்டும் என்கிற கட்சி கலைவாணி. பொங்கல் தீபாவளிக்குப் போன் பண்ணிவிடுவாள்.

"சொல்லுங்க அண்ணி."

"வளவன் இருக்குறானா?"

கலைவாணி, "யாரு?" என்று ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். மணிமொழி வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து அத்தனை காலம் ஆகியிருந்தது.

"மதியமே கெளம்பிட்டாரு அண்ணி. போன வூட்லயே வெச்சிட்டுப் பூட்டாரு, படம் எடுக்கறப்ப தொல்லையாம். ஏன் அண்ணி, எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. லென்ஸு விஷயம்."

"அந்த லென்ஸ நீங்களே வெச்சிக்கங்க அண்ணி. நேத்து வந்ததுலேர்ந்து மனுஷன் சரியில்ல. மொட்டமாடிக்குப் போனவரு இருட்டற வரைக்கும் எறங்கல. சாப்ட கூப்ட்டா எரிஞ்சி வுழறாரு. இதுல என் நெயில் பாலிஷ வேற காணம். ரோஸு கலரு, புதுசு. இந்த வூட்ல ஒரு பொருள் வெச்ச எடத்துல..."

"கலை, அப்பறமா பேசறேன்" என்று மணிமொழி வைத்துவிட்டாள். தகட்டைச் செல்போனுக்கும் அதன் உறைக்கும் நடுவில் செருகினாள். இரண்டு திருப்புளி, பூதக்கண்ணாடி, ஊதுகிற ரப்பர் பந்து எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் கீழே வந்ததும் வந்தது. மறுபடி ஏறிப்போய்ப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

மருந்துக்கடை வாசலில் ஜான் பாஷா ஆட்டோவில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பஜாரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவர். அவசரம் என்ற சொல்லை மட்டும் பிறந்ததிலிருந்து கேள்விப்படாதவர்.

"பாய், வல்லத்துக்கு உள்ள தேர் ஓடுது இல்ல, அந்த ஊருக்கு உடுங்க."

"இன்னாம்மா மணி, திடீர்னு பக்தி வந்துடுச்சி?"

"வண்டிய எடுங்க பாய், போறப்ப சொல்றேன்."

கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து செஞ்சிக்குள் வெளியூர் வண்டிகள் நிறைய. நாலுமுனைச் சந்திப்பில் ஒரு சுற்றுலா வேன் திரும்பத் தெரியாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதை மறித்து ஒரு பஸ், பஸ்ஸை மறித்து ஒரு டிராக்டர். ஜான் பாஷா எஞ்சினை அணைத்துவிட்டு நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். மணிமொழி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினாள், உள்ளே இழுத்தாள், மறுபடி நீட்டினாள். வெயில் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் வெளிச்சம் இருக்கிறது, அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது காலுக்குக் கேட்கவில்லை, அது தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

திண்டிவனம் ரோட்டில் ஏறிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். செல்போன் உறைக்குள் இருந்த தகட்டையும் காட்டினாள்.

"இத்துனூண்டு தகடுக்கா இந்த ஓட்டம்?" என்றார் அவர்.

"இது இல்லன்னா குறில வெச்சாலும் படம் கலங்கிடும் பாய். அவன் கூட்டத்துல கேமராவக் கண்ணுல வெச்சிப் பாக்க மாட்டான். வளையத்தப் படுத்த எட்டுல வெச்சி, அசையாம இருக்கச் சுத்தி டேப்பு ஒட்டிடுவான். அப்பறம் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சித் தட்டிக்கினே போவான். குறிய நம்பித்தான் எடுப்பான்."

"சரி, எடுத்ததப் பாத்துத் தெரிஞ்சிக்குவான் இல்ல?"

"ஃபிலிம் பாய். கழுவனாதான் தெரியும்."

சென்னையில் ஒரு கண்காட்சி. ஃபிலிமில் எடுத்த படம் மட்டும்தான் வைப்பார்களாம். தேர்ப் படம் தருகிறேன் என்று வளவன் சொல்லித் தேர்வாகியிருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எம்.எல்.ஏ. திறந்து வைத்த தண்ணீர்ப் பந்தல் என்று எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்த ஊர்த் தேரோ பங்காளிச் சண்டையில் பதினெட்டு வருஷம் நின்று, போன வருஷம்தான் சமாதானமாகி, இன்றைக்கு ஓடுகிறது. இன்று விட்டால் அடுத்த வருஷம் ஓடுமா என்று அந்தப் பங்காளிகளுக்கே தெரியாது. இதையெல்லாம் போன வாரம் லென்ஸோடு வந்து வாசலில் நின்று, அக்கா என்றும் கூப்பிடாமல் பேர் சொல்லியும் கூப்பிடாமல், மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்து அவர்கள் கைவிட்ட பிறகு வேறு வழியில்லாமல்தான் வந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அன்னிக்குப் பந்தில நானும் சாப்டுனு இருந்தேன்மா" என்றார் ஜான் பாஷா திடீரென்று. "ரசம் ஊத்தற நேரம். உன் தம்பி கத்துனான் பாரு, ரசம் எடுத்துனு வந்தவன் அப்டியே திரும்பிப் பூட்டான். அதோட ரசமே வரல."

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற படம் அத்தனையும் கலங்கிப்போயின. கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. சாயங்காலம் வரவேற்பில் லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்தவள் அவள், படம் பிடித்தவன் அவன். தப்பு யாருடையது என்று இன்றைய தேதிவரை யாருக்கும் தெரியாது. ஆனால் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் நடுவில், "உன் கைய நம்பனேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று வளவன் கத்தியது மட்டும் ஊருக்கே தெரியும். மறுநாள் அவள் தன் திருப்புளித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் திடீரென்று செல்போனில் தலைபோகிற வேலை வந்துவிடும்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?" ஜான் பாஷா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "சொல்லாம உட்டுட்டா இன்னா? ஃபிலிம்னு சொல்றே. கழுவறப்ப கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்குவான், இல்ல தன் கை நடுங்கிடுச்சின்னு நெனச்சிக்குவான். தகடு உன்கிட்ட இருக்குதுன்னு ஆண்டவனுக்கும் எனக்கும்தான தெரியும்? இப்ப போயி நீயே ஒத்துக்கினா மறுபடி ஊர்க் கூட்டத்துல கத்துவான். இன்னொருவாட்டி தாங்குவியா நீ?"

அந்த யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. படியில் இறங்கும்போதே வந்தது. கதவைப் பார்க்கிற சாக்கில் மறுபடி மேலே ஏறினாளே, அப்போதும் வந்தது. சும்மா இருந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நல்லாருக்குது என்று அவன் சொன்ன வார்த்தையும் அப்படியே கெடாமல் இருக்கும். தேர்க் கூட்டத்தில் மறுபடி அவன் கத்துவதை நினைத்தாலே இங்கேயே இறங்கித் திரும்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு அவன் நிற்பதை நினைத்தபோது அதைவிட மோசமாக இருந்தது.

"வேகமா உடுங்க பாய்" என்றாள்.

வல்லம் தாண்டி உள்ரோட்டில் திரும்பியதும் வேகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு பக்கமும் வேர்க்கடலை பயிரிட்ட மல்லாட்டைக் கொல்லை, நடுவில் ஒரு வண்டி போகிற ரோடு, அந்த ரோட்டில் நூறு வண்டி. சுற்றுப்பட்டு ஊரே தேருக்கு வந்திருந்தது. ஒரு வளைவில் கயிறு கட்டி, இதுக்கு மேல வண்டி போகாது என்று விட்டார்கள். தூரத்தில் பம்பை மேளச் சத்தம் எழுந்தது. மணிமொழி இறங்கி, வரப்பு மேல் ஓடத் தொடங்கினாள். கைப்பையில் திருப்புளிகள் கலகலத்தன. செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வெளிச்சம் வேகமாக மங்கிக்கொண்டிருந்தது. நல்ல வெயிலாக இருந்தால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி இந்த மாதிரிப் பிசகைக் கொஞ்சம் மறைத்துவிடலாம். பொழுது சாய்ந்த பிறகு துவாரத்தை முழுக்கத் திறந்தே ஆகவேண்டும். அப்போது தகடு இல்லாத குறை தலைகால் தெரியாமல் ஆடும். ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு எதிராகவே போய்க்கொண்டிருந்தது.

மாரியம்மன் கோவில் முன்னால் தேர் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கிளம்பவில்லை! சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டிருந்தார்கள், பூசாரி பூசணிக்காயைக் கையில் வைத்திருந்தார். ஜனங்கள் உப்பும் மிளகும் அள்ளி வீசினார்கள். அத்தனை கால்களும் கிளப்பிய செம்மண் புழுதி தேரின் இடுப்புவரை எழுந்து நின்றது. கூட்டத்துக்குள் முழங்கையால் வழி செய்துகொண்டு போனாள். தேர் திரும்பவேண்டிய முனையில், ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மேடையில் வளவன் நின்றிருந்தான். கழுத்தில் கேமரா. தலையில் துண்டு கட்டியிருந்தான்.

"வளவா!"

அவன் திரும்பிப் பார்த்தான். அக்காவை அங்கே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புழுதி அப்பிய முகத்தோடு பார்த்ததும் மேடையிலிருந்து குதித்தான்.

"யாருக்கு இன்னா ஆச்சி?" என்றான் பதறி.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. லென்ஸு." அவளுக்கு மூச்சு வாங்கியது. செல்போன் உறையைப் பிய்த்துத் தகட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "இத உள்ள வெக்காம மூடிட்டேன். எம்மேலதான் தப்பு. மலை பாத்தப்பறம் ஒரு தூசிக்காகத் திறந்தேன். திரும்பப் பாக்கல. நீ கத்தறதா இருந்தா அப்பறம் கத்து. எத்தினி எடுத்தே? அந்த ரோல மறந்துடு. கேமராவக் குடு, ரெண்டு நிமிஷத்துல வெச்சித் தரேன்."

சொல்லிக்கொண்டே அவன் கழுத்தில் இருந்த கேமராவைப் பிடித்து இழுத்தாள். அவள் நினைத்தபடியே லென்ஸ் வளையத்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஆனால் வளையம் படுத்த எட்டில் இல்லை. ரொம்பத் தள்ளி, இரண்டு மீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் நடுவில் நின்றது.

"டேய், எட்டுல ஒட்டல நீ! கிட்ட வெச்சிருக்கிறே. இது எங்க..."

அப்புறம்தான் பார்த்தாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், டேப்பின் ஓரத்தில், ஒரு சின்னப் புள்ளி. ரோஸ் கலர். குண்டூசி முனையால் வைத்ததுபோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மணிமொழி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தேரைப் பார்த்தான்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"ம்."

"எப்டி?"

"மாடில மலை பாத்தேன். எட்டுல கலங்குச்சி. கொஞ்சங் கொஞ்சமா திருப்பிக்கினே வந்தா இங்க வந்து ரெண்டு மலையும் தெளிஞ்சிது. புள்ளி வெச்சேன். அதுக்கப்பறம்தான் ஃபிலிம் போட்டேன்."

"எடுத்துனு வந்திருக்கலாம் இல்ல? நான் கடையிலதான இருந்தேன். ஒரு நிமிஷ வேலடா."

வளவன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைக்கவேண்டிய அளவுக்கு மேல் துடைத்தான்.

"வந்து இன்னான்னு சொல்றது? உன் வேல தப்புன்னா? அன்னிக்கு ஒருவாட்டி சொன்னேன் இல்ல, அதுவே ஆறு வருஷம் ஆச்சி. தப்பிருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்."

மணிமொழிக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இவன் நேற்றிலிருந்து சாப்பிடாமல் எரிந்து விழுந்துகொண்டிருக்க, இவள் பல்பு எரிகிற முகத்தோடு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நல்லாருக்குது என்று சொன்னானே, அது லென்ஸைப் பற்றிய பேச்சே இல்லை, அக்காவோடு பேசக் கிடைத்த ஒரு வார்த்தை போலிருக்கிறது.

"குடு, தகட வெச்சிடறேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இங்கயா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். உப்பு, மிளகு, செம்மண், கற்பூரப் புகை. ஒரு தூசிக்காக லென்ஸைத் திறந்தவள் இந்தப் புழுதிக்கு நடுவில் திறப்பதாவது! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேமராவுக்குள் ஃபிலிம் இருப்பதால் முதுகைத் திறந்து மலை பார்ப்பதற்கும் வழியில்லை, இங்கிருந்து மலை கண்ணுக்கே தெரியாது. அந்தப் புள்ளி சரியா தப்பா என்று பார்க்க அவளிடம் இப்போது எதுவும் இல்லை, அவன் கையை நம்புவதைத் தவிர.

கேமராவை அவன் கழுத்தில் திரும்ப விட்டாள். டேப்பின் ஒரு முனை லேசாகத் தூக்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"நீ வெச்சது சரியாத்தான் இருக்கும். எடு" என்றாள்.

பூசணிக்காய் உடைந்தது. கட்டையை இழுத்தார்கள். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. பதினெட்டு வருஷம் நின்ற சக்கரம் முதலில் முனகியது, அப்புறம் ஒரு குலுக்கல் குலுக்கிக்கொண்டு உருண்டது. வளவன் தொட்டி மேடையில் தாவி ஏறிவிட்டான். வடம் பிடிக்கிறவர்கள் மணிமொழியை மோதிக்கொண்டு ஓடினார்கள். தகடு தொலையக் கூடாதே என்று அதைச் செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டு, தொல்லையாக இருக்க வேண்டாம் என்று தெருவின் ஓரத்துக்கு ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"க்கா!"

அத்தனை சத்தத்திலும் அது அவள் காதில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். வளவன் கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல நிக்காத க்கா! ஓரத்துல நின்னா மூஞ்சி இழுத்துக்கும்னு தெரியாதா உனக்கு? நடுவுல வா! நடுவுல போயி வடத்தப் புடி!"

செருப்பைச் சுவரோரம் போட்டுவிட்டு மணிமொழி நடுத்தெருவுக்கு ஓடினாள்.